சுறாவும் திருக்கையும்

கடலை அடுத்து வாழும் நம் நாட்டு மக்கள் அனைவருக்கும் சுறா மீன் தெரியும். நாம் சுறா என்றும் சுறவு என்றும் வழங்குவதை மலையாளத்தார் ஸ்ராவு என்பர். தெலுங்கர் சொர என்பர். மும்பைச் சந்தையில் அதனை முஷி என்று கேட்டு வாங்க வேண்டும். கொல்கத்தாவில் ஹாங்கர் என்றால்தான் விளங்கும். திருக்கையின் நிலையும் அதுவே. கேரளத்தில் திரண்டி, மராத்தியில் பாக்கட், வங்காளத்தில் சங்கர் மாச் என்று இடத்துக்கு இடம் அதன் பெயர் மாறுகிறது. பிழைப்பை முன்னிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர், புதிய ஊரின் சந்தையில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் சொற்களுள் இவையும் சேரும். பெயர்கள் வேறானாலும் பிராணி ஒன்றே.

தமிழ் மக்களுக்கும் இம்மீன்களுக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. நெய்தல் நிலப் பரதவர், சினைகொண்ட சுறவின் கொம்பை மணல் முற்றத்தில் நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொம்புடைய சுறவு என்று புலவர் குறித்தது, வாள்போன்ற நீண்ட மூக்கையுடைய வேளா மீனையே என்று கருதுவோர் உளர். மகர ராசியைச் சுறவம் என்று தமிழில் வழங்குவதும், மன்மதனுக்குச் சுறாக்கொடியை உரியதாக்கியதும் நாம் அறிந்தவையே. இவ்வளவு பழகிய மீனாக இருந்தும், அதன் உடல் எவ்வாறு அமைந்தது, ஏனைய மீன்களிலிருந்து அது எவ்வாறு வேறுபட்டது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மீன்களை அறிவியலார் பெரும் பிரிவுகளாக வகுத்துள்ளனர். வஞ்சிரம், வவ்வால், நெத்திலி, கெண்டை, விரால் போன்றவை எலும்பு மீன்கள். சுறா, திருக்கை, வேளா, உழுவை ஆகியவையும், ஆழ்கடலில் வாழும் கைமீரா என்னும் விந்தையான மீன்களும் குருத்தெலும்பு மீன்கள் எனப்படும். நம் காது மடலையும் மூக்கின் நுனியையும் தொட்டுப் பார்த்தால், வளைத்தால் வளைந்து விட்டால் நிமிரும் ஒரு பொருள் உள்ளே இருப்பது புலப்படும். அதுவே குருத்தெலும்பு. சுறாவின் மண்டையோடு, தாடை, முதுகுத்தண்டு, துடுப்பின் ஆதாரம் ஆகிய அனைத்தும் இப்பொருளால் ஆனவை. இவ்வகையில் இன்று 1,200க்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் உள்ளன. அவற்றுள் ஐந்நூற்றுக்கு மேல் சுறாக்கள், அறுநூற்றுக்கு மேல் திருக்கையினத்தைச் சேர்ந்தவை, கைமீராக்கள் ஐம்பதையொட்டியவை.

குருத்தெலும்பு என்றவுடன் அது வலுவற்றது என்று எண்ணிவிடலாகாது. சுறாவின் குருத்தெலும்பின் மேற்பரப்பில் கால்சியம் கலந்த நுண்ணிய ஓடுகள், தரையில் பதித்த பளிங்குச் சில்லுகளைப் போல ஒன்றோடொன்று நெருங்கிப் பதிந்துள்ளன. உள்ளே வளையும் தன்மை, வெளியே உறுதி, மொத்தத்தில் எலும்பைவிட மிகக் குறைந்த எடை ஆகிய மூன்றும் அதனால் ஒருங்கே கிட்டுகின்றன. எலும்பு தோன்றுவதற்கு முந்தைய பழைய நிலையே குருத்தெலும்பு என்றும், சுறா வளர்ச்சியில் பின்தங்கிய மீன் என்றும் முன்பு நூல்கள் கூறிவந்தன. அக்கருத்து இப்போது ஆட்டங்கண்டுள்ளது. மங்கோலிய நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மீனின் மண்டையோட்டில் உண்மையான எலும்பு இருந்ததென்று 2020ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அம்மீன், சுறாவும் எலும்பு மீனும் கிளை பிரிவதற்கு முந்தையது. ஆகவே சுறாவின் முன்னோர்க்கு எலும்பு இருந்திருக்கலாம். சுறா அதனைப் பின்னர்த் துறந்திருக்கலாம் என்று அறிஞர் இப்போது கருதுகின்றனர். இல்லாமை வேறு, துறவு வேறு அன்றோ?

குருத்தெலும்பு எளிதில் மக்கிப்போகும். அதனால் பண்டைக்காலச் சுறாக்களின் முழு உடல் கல்லாகப் படிந்து கிடைப்பது அரிது. பெரும்பாலும் பற்களே கிடைக்கின்றன. பற்கள் இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பதற்குக் காரணமும் உண்டு. சுறாவின் பற்கள் நம் பற்களைப் போலத் தாடையில் குழி தோண்டிப் பதித்தவை அல்ல. ஈற்றுத் தோலில் ஊன்றியவை. முன்வரிசைக்குப் பின்னால் அடுத்த வரிசை, அதற்கும் பின்னால் இன்னொரு வரிசை என்று அவை காத்துநிற்கின்றன. முன்பல் விழுந்தால் பின்பல் முன்னேறி அவ்விடத்தை நிரப்புகிறது. வாழ்நாள் முழுவதும் இவ்வாறு நிகழ்வதால் ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. பல்லின் வடிவம் உணவுக்கேற்ப மாறுபடும். வழுக்கும் மீனைப் பற்றுவதற்கு ஊசிப்பற்கள். சதையை அறுப்பதற்கு இரம்பவாய்ப் பற்கள். நண்டையும் சிப்பியையும் நொறுக்கி உண்ணும் திருக்கைகளுக்கோ அம்மியைப் போன்ற தட்டையான பற்கள் வாய்த்திருக்கின்றன. மேல்தாடை மண்டையோட்டுடன் ஒட்டாமல் தொங்குவதால், இரையைக் கவ்வும்போது வாய் முன்னோக்கி நீள்கிறது. இவ்வசதி எலும்பு இறுகிய மண்டையுள்ள பிராணிகளுக்கு இல்லை.

பல்லைப் பற்றிச் சொன்னோம். இனித் தோலைக் காண்போம். சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழவழப்பாக இருக்கும். வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் உப்புத்தாளைப் போலக் கையை அராவும். உப்புத்தாள் மலிவாகக் கிடைக்காத காலத்தில் மரவேலை செய்வோர் இத்தோலையே இழைப்பதற்குப் பயன்படுத்தினர். இச்சொரசொரப்புக்குக் காரணம் அதன் செதில்களே. எலும்பு மீனின் செதில் ஓட்டு வீட்டின் ஓடுபோல் தட்டையானது. சுறாவின் செதிலோ பல்லின் அமைப்பையே கொண்டது. உள்ளே குருதி ஓடும் கூழ், அதன்மேல் பற்காறை, அதற்கும் மேல் பற்சிப்பியையொத்த கடினமான பூச்சு என்று பல்லுக்குரிய அனைத்தும் அதில் உள்ளன. சுருங்கச் சொன்னால் சுறா உடல் முழுவதும் பல் முளைத்த பிராணி. இந்நுண்பற்களின்மீது வால் நோக்கி ஓடும் வரப்புகள், உடலையொட்டிய நீரோட்டத்தை ஒழுங்குபடுத்தி நீந்தும் உழைப்பைக் குறைக்கின்றன. திருக்கை வாலின் முள்ளும் இவ்வகைச் செதில் நீண்டு உருமாறியதே. உலகின் மிகப் பெரிய மீனாகிய அம்மணி உழுவையின் கண்விழியின் மேலேயே இத்தகைய நுண்பற்கள் இருப்பதாக 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். இமையில்லாத கண்ணுக்கு அது ஒரு கவசம்.

அடுத்தபடியாக, மீன் நீரில் மிதப்பது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. எலும்பு மீன்களிற் பெரும்பாலானவற்றின் வயிற்றில் காற்றுப்பை ஒன்றுண்டு. சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையாது. அதற்கு ஈடாக இயற்கை அளித்திருப்பது பெரிய ஈரல். சில சுறாக்களில் ஈரலின் எடை உடலெடையில் நான்கில் ஒரு பங்குவரை இருக்கும். அதில் நிறைந்துள்ள எண்ணெய் நீரைவிட இலேசானது. குருத்தெலும்பின் எடைக்குறைவும், ஈரலெண்ணெயின் இலேசும், விமானத்தின் இறக்கைபோல் விரிந்த மார்புத் துடுப்புகளும், மேற்பாதி நீண்ட வாலும் ஒன்றுசேர்ந்தே சுறாவை நீரில் தாங்குகின்றன. அத்துடுப்புகள் விறைப்பானவை, எலும்பு மீனின் துடுப்பைப் போல விசிறியாக மடக்க இயலாதவை. அதனால் சுறா பின்னோக்கி நீந்த வல்லதன்று.

இவ்வீரலெண்ணெய்க்கு நம் நாட்டு வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது தடைப்பட்டது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வேண்டிய ஏ வைட்டமினுக்கு வழியில்லாது போயிற்று. அந்நிலையில் சென்னை மாகாணத்து மீன்வளத்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலெண்ணெயை வடித்து வழங்கியது; திருவிதாங்கூரிலும் பம்பாயிலும் அத்தொழில் நடைபெற்றது. செயற்கை வைட்டமின் மலிவானபின் அத்தொழில் தளர்ந்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகளின் கண்ணொளிக்குச் சுறாவின் ஈரலும் துணைநின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

மூச்சு விடும் முறையிலும் வேறுபாடு உண்டு. எலும்பு மீனுக்குச் செவுளை மறைக்கும் மூடி இருக்கிறது. மீன் வாங்கும்போது நம் தாய்மார் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருக்கிறதா என்று ஆராய்வது அதனையே. சுறாவுக்கு அம்மூடி இல்லை. தலையின் இரு புறமும் ஐந்து பிளவுகள் வெளிப்படையாகத் தெரியும். சில இனங்களில் ஆறும் ஏழும் உண்டு. சுறா ஓயாமல் நீந்தாவிடில் மூச்சடைத்து மடியும் என்று பொதுவாகச் சொல்வர். இது விரைந்து நீந்தும் சில இனங்களுக்கே பொருந்தும். கடலடித் தரையில் படுத்துக்கொண்டே வாயால் நீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும் சுறாக்களும் பலவுண்டு. திருக்கை மணலில் புதைந்து கிடப்பது. வாயால் நீர் குடித்தால் மணலும் சேரும். ஆதலின் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத் தூய நீரை உள்ளிழுத்து, வயிற்றுப்புறத்துப் பிளவுகள் வழியாக வெளிவிடுகிறது.

சுறாவையும் திருக்கையையும் பிரித்தறியும் வழியும் இப்பிளவுகளிலேயே இருக்கிறது. செவுட்பிளவு பக்கவாட்டில் இருந்தால் அது சுறா. அடிப்புறத்தில் இருந்தால் திருக்கையினம். திருக்கையின் மார்புத் துடுப்புகள் தலையோடு ஒட்டி முறம்போல் விரிந்திருக்கும். வேளா மீன் சுறாவைப் போல நீண்டிருந்தாலும், பிளவு அடியில் இருப்பதால் அது திருக்கையின் உறவே. அதன் வாள்மூக்கு வெறும் ஆயுதமன்று. நீரில் உலவும் இரையை உணரும் கருவியுமாகும். அதனை வீசி மீன்களை அடித்து வீழ்த்துகிறது. தாயின் வயிற்றைக் கிழிக்காதவாறு, வேளாக் குட்டி பிறக்கும்போது வாட்பற்கள் மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்கும் என்பது வியப்புக்குரியது.

குருத்தெலும்பு மீன்களின் இயல்புகளுள் நம் அடுக்களைக்கு நெருங்கியது ஒன்றுண்டு. கடல் உப்பு நிறைந்தது. மீனின் உடல்நீர் அதைவிட உப்புக் குறைந்தது. எனவே எலும்பு மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படுகிறது. அது கடல்நீரைக் குடித்து உப்பைக் கழித்து வாழவேண்டியதாகிறது. சுறா வேறு வழியை மேற்கொண்டது. நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியா என்னும் கழிவுப்பொருளை அது குருதியிலும் சதையிலும் தேக்கிவைக்கிறது. அதனால் உடல்நீரின் அடர்த்தி கடல்நீருக்கு ஏறத்தாழச் சமமாகிறது. நீர் வற்றும் அச்சமில்லை. யூரியாவின் தீமையைத் தடுக்க மற்றொரு வேதிப்பொருளும் சதையில் உண்டு. மிஞ்சிய உப்பைக் கழிக்க மலக்குடலையொட்டி ஒரு தனிச் சுரப்பியும் அமைந்துள்ளது.

மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் இந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. சுறாவிலும் திருக்கையிலும் மூக்கைத் துளைக்கும் அந்தக் காரவாடைக்கு இதுவே மூலகாரணம். சுறாப்புட்டு சமைப்போர் மீனைக் கொதிநீரில் வேகவைத்து, தோலைச் சுரண்டி, சதையை உதிர்த்து, நீரைப் பிழிந்து எடுப்பது வெறும் வழக்கமன்று. யூரியா நீரில் எளிதில் கரைவது; ஆதலால் அந்நீரோடு அதுவும் போய்விடுகிறது. வேதியியல் கற்காத நம் பாட்டிமார் அனுபவத்தால் கண்ட முறை அறிவியலுக்குப் பொருந்தியே நிற்கிறது. கடலுக்குத் தொலைவான டில்லி, நாகபுரி போன்ற நகரங்களில் வாழ்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பனிக்கட்டியில் உடனுக்குடன் வைக்கப்படாத சுறா மற்ற மீன்களைவிட விரைவில் வாடை கொள்ளும். கழுவியும் ஊறவைத்தும் அவ்வாடை நீங்காவிடில், மசாலையைக் கூட்டி மறைக்க முயலாமல் அதனை விலக்குவதே நன்று.

மகப்பேறு கண்ட தாய்க்குப் பால் ஊறும் என்று பால்சுறாவைச் சமைத்துக் கொடுப்பது நம் மக்களிடையே நெடுநாள் வழக்கம். இதனைப் பற்றி ஒரு சொல் கூறுதல் கடமையாகிறது. கடல்நீரில் கலக்கும் பாதரசம் சிறு மீன்களின் உடலில் சிறிதளவு சேர்கிறது. அவற்றை உண்ணும் பெரிய மீன்களில் அது பெருகுகிறது. சுறா பிற மீன்களை உண்பது, நெடுங்காலம் வாழ்வது. ஆகவே அதன் சதையில் பாதரசம் மிகுதியாகத் தங்குகிறது. வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் சுறாவை அறவே தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளின் நலத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். பாலூட்டும் தாய்மாரையும் அமெரிக்க நலத்துறையினர் விலக்கச் சொல்கின்றனர். பிரிட்டனில் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்கின்றனர். சிறிய பால்சுறாவில் இத்தீங்கு குறைவாக இருக்கலாம். ஆயினும் தொலைவூர்ச் சந்தையில் துண்டாக்கி விற்கும் சதை எந்தச் சுறாவினது என்று யாரால் கூற இயலும்? பிள்ளை பெற்ற வீட்டில் நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமையாகும்.

இனிச் சுறாவின் புலன்களைப் பற்றிச் சில சொற்கள். மோப்பத்தில் அது வல்லது என்பது யாவரும் அறிந்ததே. மங்கிய ஒளியிலும் காண்பதற்கு ஏற்றவாறு, பூனையின் கண்ணில் உள்ளதைப் போன்று ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் அதன் கண்ணில் உண்டு. உடலின் இரு பக்கத்திலும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பால் நீரின் அசைவை உணர்கிறது. இவற்றினும் வியப்பானது மின்னுணர்வு. சுறாவின் முகத்தை உற்று நோக்கினால் ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள் தெரியும். ஒவ்வொன்றும் கூழ்போன்ற பொருள் நிரம்பிய குழாயின் வாய். இத்தாலிய அறிஞர் ஸ்டெஃபானோ லொரென்ஸினி 1678இல் இவற்றை விவரித்தார். அதனால் இவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் இவை எதற்காக என்பது இருபதாம் நூற்றாண்டுவரை தெளியவில்லை. எல்லா உயிர்களின் தசையும் நரம்பும் நுண்ணிய மின்சாரத்தை எழுப்புகின்றன. மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீனின் அம்மின்சாரத்தைச் சுறா இத்துளைகளால் கண்டுபிடிக்கிறது என்பதை டச்சு நாட்டு ஆராய்ச்சியாளர் கல்மைன் 1971இல் சோதனைகளால் நிறுவினார்.

இவ்வுணர்வின் கூர்மையை ஓர் உவமையால் விளக்குவோம். நாம் பயன்படுத்தும் டார்ச் விளக்கின் மின்கலம் ஒன்றரை வோல்ட் அழுத்தமுடையது. அதன் இரு முனைகளையும் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் நீரில் அமைத்தால் இடையே எவ்வளவு மெல்லிய மின்புலம் உண்டாகுமோ, அவ்வளவு மெல்லியதையும் உணரவல்லவை சில சுறாக்கள். நம் நாட்டின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கொம்பன் சுறாவின் சுத்தியல் போன்ற அகன்ற தலை, இத்துளைகளைப் பரந்த இடத்தில் பரப்பிவைத்து மணலைத் துழாவ உதவுகிறது. மின்சாரத்தை உணர்வதோடு நில்லாமல் அதனை உண்டாக்கும் மீன்களும் இக்குடும்பத்தில் உள்ளன. மின்திருக்கையின் தலையின் இரு பக்கமும் உள்ள உறுப்புகள், தசை மாறி அமைந்தவை. அட்லாண்டிக் கடலில் வாழும் பெரிய இனம் 220 வோல்ட்வரை அதிர்ச்சி தரவல்லது. நம் கடல்களில் உள்ளவை சிறியவை. ஆயினும் வலையிலிருந்து எடுக்கும் கை மரத்துப்போகும்.

கொட்டும் திருக்கையின் முள்ளில் நஞ்சு உண்டு. விடுமுறைக்குக் கடற்கரை செல்வோர் ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும். முள் தைத்தால், புண்ணைக் கழுவி, பொறுக்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்துவதால் வலி தணியும். பின் காலந் தாழ்த்தாமல் மருத்துவரை நாடவேண்டும். முள் ஆழப் பதிந்திருப்பின் தாமே பிடுங்க முயலுதல் ஆகாது. மார்பிலோ வயிற்றிலோ தைத்திருந்தால் உயிருக்கே இடர்.

எல்லாவற்றினும் முதன்மையாக நாம் கருதவேண்டியது இவற்றின் இனப்பெருக்கம். எலும்பு மீன்களிற் பெரும்பாலானவை இலட்சக்கணக்கான முட்டைகளை நீரில் சொரிந்துவிட்டுப் போகின்றன. அவற்றுள் ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் குலம் தழைக்கும். குருத்தெலும்பு மீன்களின் வழி வேறு. ஆண் மீனின் அடித்துடுப்பையொட்டி இரு பற்றுறுப்புகள் இருக்கும். கருத்தரிப்பு தாயின் உடலுக்குள்ளேயே நிகழும். சில இனங்கள், தோற்பை போன்ற உறையில் பொதிந்த சில முட்டைகளையே இடுகின்றன. பல இனங்கள் குட்டி ஈனுகின்றன. பால்சுறாவில் மனிதருக்கு இருப்பதைப் போன்றே நச்சுக்கொடி அமைந்து கருவை ஊட்டுகிறது. திருக்கையின் கருப்பைச் சுவர் பால்போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து குட்டியை வளர்க்கிறது. பெரும்பாலான இனங்களில் குட்டிகள் சிலவே. யானைத் திருக்கை பொதுவாக ஒரு சூலில் ஒரே குட்டியைத்தான் ஈனும். விதிவிலக்கும் உண்டு. 1995இல் தைவான் நாட்டருகே பிடிபட்ட அம்மணி உழுவை ஒன்றின் வயிற்றில் 300 கருக்கள் காணப்பட்டன.

வளர்ச்சியும் மெல்லவே நிகழ்கிறது. பல இனங்கள் குட்டி ஈனும் பருவத்தை எய்தப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் கிரீன்லாந்துச் சுறா, குறைந்த அளவு இருநூற்று எழுபது ஆண்டுகளேனும் வாழும் என்று 2016இல் கணக்கிட்டனர். நாற்பது கோடி ஆண்டுகளாக இம்முறை பழுதின்றி நடந்துவந்தது. தன்னை வேட்டையாடுவோர் மிகச் சிலரே என்னும் நிலையில் வளர்ந்த குலம், சிலவற்றை ஈன்று அவற்றை நன்கு வளர்த்து விடுவதே சிறந்த முறையாகக் கொண்டது. விசைப்படகும் இழுவலையும் வந்தபின் அந்தக் கணக்கு பொய்த்தது. சூல்கொண்ட ஒரு தாய் பிடிபட்டால், அதன் இழப்பை ஈடுசெய்யக் கடலுக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இதன் விளைவை எண்களே சொல்லும். 1970ஆம் ஆண்டு முதல் ஐம்பது ஆண்டுகளில் பெருங்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் தொகை 71 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குருத்தெலும்பு மீனினங்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும் இடரில் உள்ளது. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்றைக் காண்பதே அரிதாகிவிட்டது. நம் முன்னோர் கொம்பு நட்டு வழிபட்ட வேளா மீன், கரையோர மீனவர் பலர் கண்ணாற் கண்டறியாத மீனாகிவிட்டது. கங்கைச் சுறா என்னும் இனத்தை அறிவியலார் பல ஆண்டுகள் காணாதிருந்தனர். 2016இல் மும்பை சசூன் துறைமுகத்து மீன் குவியலில் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சுறா மனிதனைக் கொல்வது என்று அஞ்சுகிறோம். உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் சுறாவால் இறப்போர் பத்துப் பேரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் உள்ளனர். மனிதரால் இறக்கும் சுறாக்களோ கோடிக்கணக்கானவை.

இந்நிலையிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. குஜராத் மாநிலத்து சௌராஷ்டிரக் கரைக்கு அம்மணி உழுவைகள் ஆண்டுதோறும் வருகின்றன. பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளரும் இப்பெருமீன், வாயைத் திறந்து நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் நீரோடு வடித்து உண்ணும் சாது. பீப்பாய்களைக் கட்டித் தூண்டிலிட்டுப் பிடித்ததால் குஜராத்தி மீனவர் அதற்குப் பேரல் என்றே பெயரிட்டிருந்தனர். அதன் ஈரலெண்ணெயைப் படகின் மரத்துக்குப் பூசினர். 1990களில் இறைச்சி வெளிநாடுகளுக்குச் சென்றது. 2001இல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதனைச் சேர்த்தது. அச்சட்டத்தின் காப்பைப் பெற்ற முதல் மீன் இதுவே. அதே ஆண்டில் வேளா மீன்களும், புதுச்சேரிச் சுறாவும், கங்கைச் சுறாவும் சேர்க்கப்பட்டன. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. 2004இல் தொடங்கிய இயக்கத்தில், இராமாயண உபந்நியாசகர் மொராரி பாபு மீனவரிடம் பேசினார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது இம்மீன். வீட்டுக்கு வந்த மகளைக் கொல்வோமா என்று கேட்டார். அன்று முதல் அம்மீன் வஹாலி, அதாவது அன்புக்குரியவள் என்று பெயர் பெற்றது. தம் வலையில் சிக்கிய நூற்றுக்கணக்கான மீன்களை, வலையை அறுத்துக்கூட, அம்மீனவர் கடலில் விட்டுள்ளனர். அறுபட்ட வலைக்கு அரசு ஈடுகொடுக்கிறது.

சுறாவின் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடிய வழக்கத்தை 2013இல் நம் அரசு தடைசெய்தது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியையும் நிறுத்தியது. காக்கப்படும் இனங்களின் பட்டியல் 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் மேலும் விரிந்துள்ளது. இச்சட்டங்களால் மீனவர் குடும்பங்களின் வருவாய் குறையாதவாறு பார்த்துக்கொள்வதும் அரசின் பொறுப்பாகும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் வெராவலிலும் சுறாவை நம்பிப் பிழைப்போர் ஏழை எளியவரே அன்றிப் பெருஞ்செல்வர் அல்லர்.

வாங்கி உண்ணும் நமக்கும் இதில் பங்குண்டு. சந்தையில் எந்த மீன் என்று கேட்டு வாங்குவோம். வாள்மூக்கும் புள்ளியிட்ட பெருந்தோலும் சட்டத்தால் காக்கப்பட்டவற்றின் அடையாளங்கள் என்று அறிவோம். அவற்றின் எந்த உறுப்பையும் அலங்காரப் பொருளாகவும் விலைக்குக் கொள்ளோம். கைக்குழந்தை அளவே உள்ள சுறாக்குட்டிகளைக் கூறுகட்டி விற்பதைக் கண்டால், வளர்ந்து ஈனுமுன் பிடிபட்டவை அவை என்பதை உணர்ந்து வேறு மீனை நாடுவோம். வீட்டுப் பிள்ளைகளுக்கு, பிறந்த ஊர்க் கடலின் மீன்பெயர்களைத் தமிழிலும், வாழும் ஊர்க் கடலின் பெயர்களை அவ்வூர் மொழியிலும் சொல்லிக்கொடுப்போம். பெயர் தெரிந்த உயிரிடத்தில்தான் பரிவு பிறக்கும். குஜராத்தி மீனவர் பேரலை வஹாலியாக்கியபோது நிகழ்ந்தது அதுவே.